முடக்குவாதம் இடுப்பு மூட்டுக்கு வந்தால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முடக்குவாதம் என்றதும் எல்லோரும் விரல்களைத்தான் பார்ப்பார்கள். வீங்கிய விரல் கணு, கழற்ற முடியாத மோதிரம், காலையில் குழாயைத் திருகக்கூட வராத மணிக்கட்டு. இவையெல்லாம் வெளியே தெரியும். இடுப்பு மூட்டு அப்படி இல்லை. தொடை எலும்பு இடுப்பெலும்போடு சேரும் அந்த மூட்டு தடித்த தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. உள்ளே எவ்வளவு நீர் கோத்தாலும் மேலே சிவக்காது, தொட்டுப் பார்த்தாலும் வீக்கம் தெரியாது. அதனால் "முதுகுப் பிடிப்பு", "வாயு", "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் மூட்டின் குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிடும். அரித்துப்போனதைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தும் மருந்துகள் நன்றாகவே இருக்கின்றன. எனவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடுப்பு மூட்டில் வீக்கத்தைப் பார்க்க முடியாது என்பதால், வலி இருக்கும் இடத்தையும் குறைந்துபோன அசைவையும் வைத்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

நோய் என்ன செய்கிறது?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டின் உட்புறச் சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.). அந்தச் சவ்வு தடித்து, நீர் கோத்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் கைகளிலும் பாதங்களிலும் உள்ள சிறு மூட்டுகளில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தொடங்கும். இடுப்புக்கு வருவது பொதுவாகப் பிந்தித்தான், அதுவும் நோய் கட்டுக்குள் இல்லாதபோது. விரல்களில் ஒரு தொந்தரவும் இல்லாமல் இடுப்பில் மட்டும் வலி என்றால் முதலில் வேறு காரணங்களைத் தேட வேண்டும். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதல் வேலை: வலிக்கும் இடத்தை விரலால் காட்டுங்கள்

"இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவரும் முதுகின் அடிப்பகுதியைத்தான் நினைப்பார். அதனால் கை வைத்துக் காட்டுங்கள். இடுப்பு மூட்டிலிருந்து வரும் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் இருக்கும். அங்கிருந்து தொடையின் முன்பக்கமாக இறங்கும், சிலருக்குப் பிட்டத்திலும் தெரியும். கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து "உள்ளுக்குள்ள வலிக்குது" என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டில்தான் பிரச்சினை.

சிலருக்கு முழங்கால் மட்டும் வலிக்கும். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இருக்காது, வலி தைலம் தேய்த்தும் போகாது. இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவது அடிக்கடி நடப்பதுதான். முழங்காலில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால், "இடுப்பையும் ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.

வெளிப்பக்கம், பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மேல் தொட்டாலே வலி, அந்தப் பக்கம் படுத்தால் வலி என்றால் மூட்டுக்கு வெளியே உள்ள தசைநாணிலோ, எலும்புக்கு மேல் மெத்தைபோல இருக்கும் சிறு நீர்ப்பையிலோ அழற்சி இருக்கலாம். பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே, பாதம்வரை மின்சாரம் ஓடுவதுபோல இறங்கி மரத்துப்போனால் முதுகெலும்பில் நரம்பு அழுத்தப்படுவதைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது வேலை: அன்றாட அசைவுகளைக் கவனியுங்கள்

வலி வருவதற்கு முன்பே சில அசைவுகள் குறையத் தொடங்கிவிடும். நம் வீடுகளில் அதைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் நிறைய. தரையில் சம்மணம் போடும்போது ஒரு முழங்கால் மட்டும் மற்றதைவிட உயரமாக நிற்கும். கால் நகம் வெட்டக் குனிந்தால் பாதம் எட்டாது. பேன்ட், பாவாடைக்குள் கால் நுழைக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். இந்தியன் டாய்லெட்டில் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. டவுன் பஸ்ஸின் முதல் படியில் காலைத் தூக்க இரண்டு கையாலும் கம்பியை இழுக்க வேண்டிவரும். வீட்டில் மற்றவர்கள் கவனிக்கக்கூடியது நடை: வலிக்கும் காலில் எடை விழும் ஒவ்வொரு முறையும் உடம்பு அந்தப் பக்கமாகச் சாயும்.

காலை இறுக்கம் முக்கியமான அடையாளம். முடக்குவாதத்தில் எழுந்தபின் அரை மணி நேரத்துக்கு மேல், பலருக்கு ஒரு மணி நேரத்தையும் தாண்டி, மூட்டு பிடித்துக்கொண்டே இருக்கும். நடமாட நடமாட இளகும். வயதால் வரும் தேய்மானத்தில் இறுக்கம் சில நிமிடங்களில் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய மாலையில் வலி கூடும். இரண்டு மூன்று வாரத்துக்கு, எழுந்த நேரத்தையும் உடம்பு இளகிய நேரத்தையும் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது நீளமான விவரிப்பைவிட உதவும்.

வீட்டில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டிலில் மல்லாந்து, கால்களை நீட்டி, தளர்வாகப் படுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் தொடையிலும் கணுக்காலுக்கு மேலும் கைவைத்து, சப்பாத்திக் கட்டையை உருட்டுவதுபோல முழுக்காலையும் மெதுவாக உள்ளேயும் வெளியேயும் உருட்டட்டும். இரண்டு கால்களையும் ஒப்பிடுங்கள். ஒரு கால் உள்பக்கம் திரும்ப மறுத்து, தொடை மடிப்பில் வலித்தால் அந்த இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டியது அவசியம். இடுப்பு நோய்களில் பெரும்பாலும் முதலில் குறைவது உள்பக்கம் திரும்பும் அசைவுதான். வலித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், பலம் கொடுத்துத் திருப்பக்கூடாது. ஏற்கெனவே இடுப்பில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் கீழே விழுந்தவர்களும் இதைச் செய்யவே வேண்டாம்.

வேறு எதுவாகவும் இருக்கலாம்

முடக்குவாதம் இருப்பவருக்கு இடுப்பு வலித்தால் அது முடக்குவாதம்தான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. குறிப்பாக ஸ்டீராய்டு மாத்திரை நிறைய எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பின் பந்துபோன்ற தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அந்த எலும்பே செத்துப்போகலாம். மருத்துவர்கள் இதை ஏ.வி.என். என்பார்கள். அதிகமாக மது குடிப்பவர்களுக்கும் வருகிறது. இதில் சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஸ்டீராய்டு எடுத்த வரலாறு இருந்து, எக்ஸ்ரே நன்றாக இருந்தும் தொடை மடிப்பில் வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேட்பது உங்கள் உரிமை. எலும்பின் தலை நொறுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால் அதைக் காப்பாற்ற வழிகள் உண்டு.

இளவயது ஆண்களுக்கு, விடியற்காலையில் முதுகு வலித்து, பிட்டமும் இடம் வலம் என்று மாறி மாறி வலித்து, இடுப்பும் இறுகினால் அது முதுகெலும்பைப் பிடிக்கும் வேறொரு வாத நோயாக இருக்கலாம். ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். முடக்குவாதத்தைவிட அதில் இடுப்பு மூட்டு அதிகம் பாதிக்கப்படுகிறது, சிகிச்சை முறையும் வேறு. அப்புறம் காசநோய். ஒரு பக்க இடுப்பில் மட்டும் வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு எல்லாம் சேர்ந்து வந்தால் நம் நாட்டில் அதை மறக்கவே கூடாது.

யாரைப் பார்ப்பது, என்ன பரிசோதனை?

எலும்பு டாக்டரிடம் போவது தவறில்லை. ஆனால் முடக்குவாதத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியவர் வாத நோய் நிபுணரான ருமட்டாலஜிஸ்ட். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கான துறைகள் உண்டு. தூரம் அதிகம் என்றால், அங்கே ஒருமுறை நோயை உறுதிசெய்து மருந்தை முடிவு செய்துகொண்டு, இடையிடையே ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே உள்ள மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தத்தில் பார்ப்பவை முக்கியமாக நான்கு. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்பதைச் சொல்லும். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. இரண்டும் நோய் எது என்பதற்கு உதவும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்று தாளைப் பார்த்ததுமே நோய் வந்துவிட்டதாகப் பயப்படுகிறார்கள். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும், வேறு தொற்றுகள் உள்ளவர்களுக்கும் அது பாசிட்டிவாக வரும். மறுபக்கம், முடக்குவாதம் உள்ள சிலருக்கு இரண்டுமே நெகட்டிவாக இருக்கும். ஆன்டி-சி.சி.பி. ஒப்பீட்டில் நம்பகமானது. ஆனாலும் தாளையும் உடம்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டு இடுப்பு மூட்டும் தெரியும்படி ஒரே படமாக எடுக்கச் சொல்வார்கள். முடக்குவாதத்தில் மூட்டின் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரேசீராகக் குறையும். முற்றினால் தொடை எலும்பின் பந்து, தான் பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்தை உள்நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். தேய்மானத்தில் பெரும்பாலும் எடை விழும் மேல்பகுதியில்தான் இடைவெளி குறையும். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மூட்டுக்குள் நீர் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டும், சவ்வு தடித்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ.யும் காட்டிவிடும்.

மருந்து: வாரத்துக்கு ஒருநாள் என்பதில் கவனம்

முடக்குவாத மருந்துகளில் முதல் இடம் இன்றும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குத்தான். பெரும்பாலும் வாரத்துக்கு 7.5 முதல் 15 மி.கி. வரை தொடங்கி, தேவைப்பட்டால் 25 மி.கி. வரை கூட்டுவார்கள். வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் இடுப்பை இழக்கிறார்கள்.

இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். கூடவே எழுதிக்கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் சிறியதாக, மஞ்சளாக, கிட்டத்தட்ட இதே மாதிரி இருப்பதுண்டு. என் அத்தைக்காக வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். மெத்தோட்ரெக்ஸேட் அட்டையில் மார்க்கர் பேனாவால் "செவ்வாய் மட்டும்" என்று பெரிதாக எழுதி, மற்ற மாத்திரை டப்பாவில் சேர்க்காமல் தனி டப்பாவில் வைத்தோம். செவ்வாய் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கையில் கொடுப்பது ஒருவருடைய வேலை, அத்தையே எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. முதியவர்கள் உள்ள எல்லா வீட்டிலும் இப்படிச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை இதோடு சேரவே கூடாது. மதுவைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் செய்யச் சொல்வார்கள். வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாத மூச்சுத்திணறல், வறட்டு இருமல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்பாசலாசின், லெஃப்ளூனமைட் போன்றவற்றைத் தனியாகவோ சேர்த்தோ கொடுப்பார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்குக் கண் பரிசோதனை வேண்டும். இவையும் போதவில்லை என்றால் அடாலிமுமாப், ரிட்டுக்ஸிமாப் போன்ற ஊசிகளும் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு முன் காசநோய்க்கும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் சோதனை செய்வார்கள். அந்தச் சோதனையைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள், உறங்கிக்கொண்டிருக்கும் காசநோய் இந்த மருந்துகளால் விழித்துக்கொள்ளும்.

வலி மாத்திரை வலியை மட்டும்தான் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் வகைகளை மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். ஸ்டீராய்டுக்கு ஓர் இடம் உண்டு: முக்கிய மருந்து வேலை செய்யும்வரை, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு. திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். பெயரே எழுதாத பொட்டலங்களில், "மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து" என்று வரும் பொடிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. போட்ட இரண்டாம் நாளே வலி பறந்துபோய், சில வாரங்களில் முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பொட்டலத்தையும் மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.

கைத்தடியும் வீட்டு ஏற்பாடுகளும்

தடி பிடிக்க நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். பிடிப்பவர்களிலும் பலர் தவறான கையில் பிடிக்கிறார்கள். வலது இடுப்பில் வலி என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலில் நிற்கும்போது இடுப்பு சரியாமல் பிடித்து நிறுத்துவது வலது பக்கத் தசைகள். அந்த இழுப்பெல்லாம் மூட்டின் மேல்தான் அழுத்தமாக விழுகிறது. சாதாரண நடையிலேயே உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இடுப்பு மூட்டில் ஏறுவது இதனால்தான். எதிர்ப்பக்கத்தில் தடி ஊன்றினால் அந்தத் தசைகளுக்குச் சுமை குறைகிறது. தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் காலும் தடியும் முதலில். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

அதே கணக்கில், உடல் எடை ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் இடுப்புக்குப் பத்து கிலோவுக்கு மேல் சுமை குறையும்.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது டாய்லெட். வெஸ்டர்ன் வைக்க முடியாத வாடகை வீடு என்றால், இந்தியன் டாய்லெட்டின் மேலேயே போடும் நடுவில் துளையுள்ள நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கிறது. சுவரில் ஒரு கைப்பிடி கட்டாயம் வேண்டும். நாற்காலி, கட்டில் இரண்டும் உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். காரில் ஏறும்போது முதலில் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கும் பழக்கத்தை மேசைக்கு மாற்றுங்கள். புகைபிடிப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும். நோய் வருவதற்கும் முற்றுவதற்கும் அது நிரூபணமான காரணம்.

உடற்பயிற்சி

வலிக்கிறதே என்று படுத்தே கிடந்தால் இடுப்பு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், பிறகு நிமிர்ந்து நிற்கவே முடியாது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருந்தாலும் இதைத்தான் துரிதப்படுத்தும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை, 10 அல்லது 15 நிமிடம் குப்புறப் படுத்திருங்கள். மூட்டு கொதிக்கும் நாட்களில் மென்மையாக அசைத்தால் போதும். அடங்கிய நாட்களில் பிட்டத் தசையை இறுக்கித் தளர்த்துவது, மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது ஆகியவற்றைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள். நடையைவிட நீச்சலும் நிலையான சைக்கிளும் இடுப்புக்கு இதமானவை. காலை இறுக்கத்துக்குச் சுடுதண்ணீர்க் குளியல் நல்லது. உடற்பயிற்சி முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால் அடுத்த நாள் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் பற்றி

சில நேரம் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். இடுப்பு ஆழமான மூட்டு என்பதால் அல்ட்ராசவுண்டோ எக்ஸ்ரேயோ பார்த்துத்தான் போட வேண்டும். குருத்தெலும்பு போய்விட்டது, இரவில் தூங்க முடியவில்லை, நூறடி நடக்க முடியவில்லை என்ற நிலை வந்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962-இல் ஜான் சார்ன்லி வடிவமைத்த முறைதான் இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுகளுக்கு அடிப்படை. இன்றைய மூட்டுகளில் பெரும்பாலானவை 15, 20 வருடம் தாண்டி உழைக்கின்றன. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சையும் உண்டு. முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முதலிலேயே கேளுங்கள்.

முடக்குவாதக்காரர்களுக்கு மட்டும் சில கூடுதல் விஷயங்கள். கழுத்து எலும்புகளையும் இந்த நோய் தளர்த்தியிருக்கலாம். மயக்க மருந்துக்கு முன் கழுத்துக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. அடாலிமுமாப் போன்ற ஊசிகளை முன்கூட்டியே நிறுத்திவைப்பார்கள். இதை ருமட்டாலஜிஸ்டும் அறுவை நிபுணரும் பேசி முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். பல்லில் சீழ், தோலில் புண் இருந்தால் முன்பே சரிசெய்யுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு குந்துவதும் தரையில் சம்மணமும் வேண்டாம் என்பார்கள். எத்தனை காலத்துக்கு என்பது மருத்துவர் கையாண்ட முறையைப் பொறுத்தது, டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கக்கூடாதவை

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலோடு ஒரு இடுப்பு மட்டும் திடீரென்று கடுமையாக வலித்து, காலை ஊன்றவே முடியாமல் போனால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் அடங்கியே இருக்கலாம், எனவே காய்ச்சல் இல்லையென்று அலட்சியமாக இருக்க வேண்டாம். லேசாகச் சறுக்கி விழுந்தாலும் நிற்க முடியவில்லை, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் தொடை எலும்பு முறிந்திருக்கக்கூடும், இந்த நோயும் ஸ்டீராய்டும் எலும்பை அவ்வளவு மெலிய வைத்துவிடும். கைகால் மரத்துப்போய் சிறுநீர் கட்டுப்பாடு போனால் கழுத்திலோ முதுகிலோ தண்டுவடம் அழுத்தப்பட்டிருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டுப் பார்க்க வேண்டாம். 108-ஐ அழைத்து அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள்.